ஒரேயொரு கைதட்டல்

"பால் பொங்குது! ஏய், பால் பொங்குது பாரு!"

கூடத்திலிருந்து நாத்தனார் போட்ட சத்தம் பக்கத்து வீட்டு நாயைக்கூட எழுப்பிவிட்டது. ஆனால் அடுப்புக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு குட்டிச் சட்டையில் துணிச் சிறகைத் தைத்துக்கொண்டிருந்தவளை மட்டும் அது எட்டவில்லை. பால் நுரைத்து எழும்பி, அடுப்பை அணைத்து, மேடையில் ஓடி, தரையில் சொட்டி, அவள் குதிகாலைச் சுட்ட பிறகுதான் துள்ளித் திரும்பினாள்.

வாசற்படியில் நாத்தனார் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"மூணு தடவை கத்திட்டேன். தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு! ஒரு தடவை என்னன்னு கேட்டா தலையில இருக்கற கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

"மன்னிச்சுக்குங்க அண்ணி... ஏதோ யோசனையில..."

"என் குரல்னா உனக்கு யோசனை வந்துடும். என் தம்பி கூப்பிட்டா மட்டும் காது தானா திறந்துக்கும்!"

அதை நிரூபிக்கவே போல, குளியலறையிலிருந்து கணவனின் கட்டைக்குரல் வந்தது. "துண்டு எங்கே?"

"கதவுக்குப் பின்னாலதாங்க மாட்டியிருக்கேன்!" என்றாள், சட்டென்று.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாத்தனாரின் முகத்தில், 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்று ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் கசந்து போயிற்று. "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் குனிந்து பாலைத் துடைத்தாள். கண்ணீரும் கூடவே விழுந்தது. அதையும் சேர்த்தே துடைத்தாள்.

யாரிடம் சொல்வது? சொன்னால்தான் யார் நம்புவார்கள்? அவளுக்குக் காது கேட்கவில்லை. முழுச் செவிடு என்றால் கூட எப்போதோ வெளியே தெரிந்திருக்கும். இது அப்படி இல்லை. லாரி ஓட்டும் கணவனின் தடித்த குரல் கேட்கிறது. கதவு அடித்துக்கொள்வதும் பஸ் உறுமுவதும் கேட்கின்றன. உச்சத்தில் ஒலிக்கும் மெல்லிய சத்தங்கள்தான் போய்விட்டன. குக்கரின் விசில் போயிற்று, போன் மணி போயிற்று, கீச்சென்று உயரும் நாத்தனாரின் குரல் போயிற்று. கடைசியில், பெற்ற மகளின் குரலும் போயிற்று.

அந்த இடத்தில் இப்போது ஒரு ரீங்காரம்தான் குடியிருந்தது. கொசு காதுக்குள் போய் வழி தெரியாமல் சுற்றுகிற மாதிரி... ராப்பகலாக, ஓயாமல்.

டப்பா மூடி செய்யும் தொழிற்சாலையில், தகரத்தை அடித்து வளைக்கும் பிரஸ் மிஷினில் ஏழு வருஷம். ஒவ்வொரு மூடிக்கும் ஓர் இடி. முதல் ஐந்து வருஷம் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சுதான் உண்டு. தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம், பேக்கிங் பிரிவில் நாத்தனார் வேலை பார்த்தாள். அங்கே பேசலாம், சிரிக்கலாம், பாடக்கூடச் செய்யலாம்.

"மிஷின் ஆபரேட்டர்னு நெஞ்சுல பேட்ஜ் குத்திக்கணும்னு இவளுக்கு ஆசை. நான் இருந்த இடத்தை என்கிட்டயிருந்து பிடுங்கிக்கிட்டா" என்று நாத்தனார் ஏழு வருஷமாகச் சொல்லி வந்தாள். அவளும் ஒரு நாள்கூட மறுத்துப் பேசியதில்லை.

எட்டு வயது மகள் சிட்டு, பாதி மாட்டிய சட்டையோடு ஓடி வந்தாள். பள்ளிக்கூடத்தில் இன்று இசை நாடகம். மழையில்லாமல் காய்ந்துபோன காட்டின் கதை. சிட்டுதான் வானத்திடம் மழை கேட்கும் குருவி. மேடையில் அவள் மட்டும் தனியாகப் பாட வேண்டும். ஒரு மாதமாக அத்தையும் மருமகளும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பழகியிருந்தார்கள்.

அவள் குழந்தையின் முதுகில் சிறகைப் பொருத்தினாள். சிட்டு ஏதோ சொன்னாள். முதுகைக் காட்டி நின்றதால் உதடு தெரியவில்லை.

"ம்... சரிடி கண்ணு" என்றாள், குத்துமதிப்பாக.

சிட்டு திரும்பி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு அத்தையிடம் போய்விட்டாள்.

*

பள்ளிக்கூட மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறைதான். நாத்தனார் முன்னதாகவே ஓடி மூன்றாவது வரிசையில் மூன்று நாற்காலி பிடித்திருந்தாள். முதல் நாள் சாயங்காலம்தான் நெடுந்தூரச் சவாரியிலிருந்து திரும்பியிருந்த கணவன், உட்கார்ந்ததும் கண்ணை மூடினான்.

"டேய், உன் பொண்ணு பாடறதைக் கேக்க வந்தியா, குறட்டைக் கச்சேரி பண்ண வந்தியா?" என்று நாத்தனார் அவன் முழங்கையை இடித்தாள்.

நான்கு நாற்காலி தள்ளி, பிரஸ் பிரிவின் சூப்பர்வைசரம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மகன் மரமாக நடிக்கிறானாம். கண்ணில் பட்டதும் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பார்வையில் இருந்த கவலை அவளுக்குப் புரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன் மிஷின் எச்சரிக்கை மணி அடித்தும் அவள் நகராமல் நின்றிருந்தபோது, தோளைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியவர் அவர்தான். டாக்டரிடம் அழைத்துப் போனவரும் அவரே. போன காது திரும்பாது என்று டாக்டர் எழுதிக் காட்டிய சீட்டைப் பார்த்துவிட்டு, "வீட்டுல சொல்லிடும்மா" என்று எத்தனையோ முறை கேட்டுக்கொண்டார். அவள்தான் கையெடுத்துக் கும்பிட்டு அவர் வாயை அடைத்திருந்தாள்.

திரை விலகியது.

அட்டை மரங்கள் ஆடின. யானைத் தலையை மாட்டிக்கொண்ட ஒரு குழந்தை தடுக்கி விழுந்து எழுந்தது. மண்டபம் சிரித்தது. எல்லார் தோளும் குலுங்குவதைப் பார்த்து அவளும் சிரித்தாள். பெரிய மேளம் ஒன்று மட்டும் தும் தும்மென்று அவள் காதுக்கு வந்தது. மற்றதெல்லாம் ஊமைப்படம்.

பிறகு விளக்கு மங்கியது. ஒற்றை வெளிச்ச வட்டத்துக்குள், அவள் தைத்த சிறகோடு சிட்டு வந்து நின்றாள்.

ஐயோ, எவ்வளவு சின்னதாக இருக்கிறாள்!

சிட்டு வாயைத் திறந்தாள்.

*கறுத்த வானே கொஞ்சம் கேளு,*
*காஞ்ச கூட்டில் நாலு வாயி...*

மண்டபம் அப்படியே அடங்கிப் போயிற்று. முன்வரிசையில் ஒரு பெரியவர் கன்னத்தில் கை வைத்தார். பக்கத்தில் கணவன் தூக்கம் கலைந்து நிமிர்ந்தான். நாத்தனாரின் உதடுகள் கூடவே முணுமுணுத்தன. நாத்தனாரின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. மண்டபம் முழுவதும் சிட்டுவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது. பெற்றவளைத் தவிர!

அவள் முன்னால் சாய்ந்தாள். மூச்சை அடக்கினாள். ஒரு சொல்... ஒரே ஒரு சொல் கேட்டுவிடாதா? காதுக்குள் அந்தக் கொசுதான் சுற்றியது. மேளத்தின் தும் தும் மட்டும் அவளைக் கைபிடித்து அழைத்துப் போயிற்று.

மேளம் நின்றது. சிட்டு வாயை மூடினாள். இரண்டு கையையும் வானத்தைப் பார்த்து உயர்த்தி, அசையாமல் நின்றாள்.

முடித்துவிட்டாள்! என் மகள் நல்லபடியாக முடித்துவிட்டாள்!

அவளுக்குத் தன்னை மறந்த சந்தோஷம். எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கை தட்டினாள்.

அந்த நிசப்தத்தில், அவள் கைகள் மட்டும் தகரம் அடித்தாற்போல் படபடத்தன.

குருவி மழைக்காகக் காத்திருக்கும் இடம் அது. இன்னும் பாதிப் பாட்டு பாக்கி இருந்தது. அது அவளுக்கு எப்படித் தெரியும்? தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. கணவன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

மேடையில் சிட்டு மிரண்டு போய் நின்றாள். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஓரத்திலிருந்து பாட்டு டீச்சர் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். குழந்தைக்கு வரவில்லை. கூட்டத்தில் அம்மாவைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நொடி முகம் கோணிற்று. சிறகு ஒரு மரத்தில் மாட்டிக் கிழிய, ஓடியே போய்விட்டாள்.

*

மேடைக்குப் பின்னாலிருந்த தாழ்வாரத்தில், அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு சிட்டு விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். அவள் ஓடிப்போய்க் குழந்தையின் தலையைத் தொட்டாள்.

சிட்டு அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அம்மா வேணும்னேதான் பண்ணினாங்க! அம்மாவுக்கு என் பாட்டே பிடிக்காது!"

"அப்படியெல்லாம் சொல்லாதே சிட்டு" என்றான் கணவன்.

"நிஜம்மாப்பா! போன வாரம் அம்மா முன்னாடி நின்னு நான் சும்மா வாயை மட்டும் அசைச்சேன். பாடவே இல்ல! அதுக்கு அம்மா, 'ரொம்ப நல்லாருக்குடி கண்ணு'ன்னு சொன்னாங்க. பொய்! அம்மா என் பாட்டைக் கேக்கறதே இல்ல!"

அழுகையில் உடைந்த அந்த வார்த்தைகளில் பாதிதான் உதட்டிலிருந்து அவளுக்குப் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாயிருந்தது.

நாத்தனார் குமுறிவிட்டாள். "கேட்டியா? பச்சைக் குழந்தை வயித்தெரிஞ்சு சொல்லுது! ஒரு மாசம் ராவும் பகலுமா பாடிக் குடுத்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பக்கத்துல வந்து உக்காந்திருப்பியா? என் மேல இருக்கற பொறாமைய இந்தப் பிஞ்சு மேல காட்டணுமா? சபையில வச்சு அதை அவமானப்படுத்தணுமா? சே! உன்கிட்டப் பேசறது செவிடன் காதுல சங்கு ஊதற கதைதான்!"

என்ன சொல்வது? எனக்குக் கேட்கவில்லை என்றால், ஏன் கேட்கவில்லை என்பார்கள். பிரஸ் மிஷினால் என்றால், அங்கே ஏன் போனாய் என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பதில் நாத்தனாரை அல்லவா கொன்றுபோடும்!

"தப்புதான் அண்ணி..." என்றாள். "என் தப்புதான்..."

"போதும்மா. நீ ஏத்துக்கிட்டதெல்லாம் போதும்."

கரகரத்த குரல். மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே தடித்துப்போன அந்தக் குரல் அவளுக்கு நன்றாகக் கேட்டது. சூப்பர்வைசரம்மா தாழ்வாரத்தின் முனையில் நின்றிருந்தார்.

"வேணாம்க்கா... உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்... சொல்லாதீங்க!"

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா? குழந்தை உன் கையைத் தட்டிவிடறதைப் பாத்த பிறகுமா?" சூப்பர்வைசரம்மா நாத்தனார் பக்கம் திரும்பினார். "செவிடன் காதுன்னு வாய்க்கு வந்தபடி சொன்னீங்களே, அது நெசம். இவளுக்குக் காது போச்சு. உங்க குரல் கேக்காது. இந்தக் குழந்தை குரலும் கேக்காது. டாக்டரே சொல்லிட்டாரு, இனிமே திரும்பாதுன்னு."

"என்னது?" என்றாள் நாத்தனார். "இவளுக்கா? என் தம்பி கூப்பிட்டா ஓடறாளே..."

"கட்டைக்குரல் மட்டும் கேக்கும். பிரஸ்ஸுல இருந்தவங்க பல பேருக்கு இப்படித்தான் ஆயிருக்கு. அங்கே ஏன் போனான்னு உங்களுக்குத் தெரியுமா? ஏழு வருஷத்துக்கு முன்னாடி அந்த மிஷின்ல உங்களைத்தானே போட்டேன்? ரெண்டே நாள். மூணாம் நாள் காலையில கைக்குழந்தையோட என் முன்னாடி வந்து நின்னா. 'அண்ணி ரெண்டு நாளா காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காங்கக்கா. பாடவே மாட்டேங்கறாங்க. அவங்க பாடினாத்தான் என் குழந்தை தூங்குது. வாழ்க்கையில எல்லாத்தையும் இழந்துட்டு ஒரு பெட்டியோட தம்பி வீட்டுக்கு வந்திருக்காங்க, இந்தப் பாட்டு ஒண்ணுதான் அவங்களுக்கு மிச்சம். அவங்களைப் பேக்கிங்ல போட்டுட்டு என்னை இங்க போடுங்க'ன்னா. பழைய ஆபரேட்டருக்குக் காது போனதைக் கண்ணால பாத்துட்டுத்தான் கேட்டா. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டா."

நாத்தனாரின் கை, சிட்டுவின் தலையிலிருந்து மெல்ல நழுவியது.

"ஏன்டி... ஏன்டி என்கிட்ட சொல்லல?"

அவள் அந்த உதடுகளைப் படித்துவிட்டாள். "வந்த வீட்டுல பிச்சை போட்ட மாதிரி உங்களுக்குத் தோணிடக் கூடாதுன்னுதான் அண்ணி..."

"பிச்சையா?" நாத்தனார் மடார் மடாரென்று தன் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி நான்! பேட்ஜுக்கு நீ ஆசைப்பட்டதா ஊரெல்லாம் சொன்னேனே! திமிர் பிடிச்சவன்னேனே! காலையிலகூட... கடவுளே! நான் கெட்டுப்போக வேண்டிய இடத்துல நீ போய் உக்காந்துட்டு, என் வாயிலயே ஏழு வருஷம் ஏச்சு வாங்கினியே!"

தடுமாறி விழப்போனவளை அவள் தாங்கிப் பிடித்தாள். இரண்டு பேரும் அந்தச் சிமென்ட் தரையிலேயே உட்கார்ந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகை எவ்வளவு உரக்க வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே மண்டபத்தில் நாடகம் தொடர்ந்துகொண்டிருந்தது. அட்டைப் பெட்டிக்குள் மணலை ஆட்டி மழைச் சத்தம் எழுப்பினார்கள்.

கணவன் குத்துக்காலிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தான். முரட்டு மனிதன், கண்கள் கலங்கியிருந்தன. "என்கிட்ட கூடவா சொல்லக்கூடாது? உன் கூட ஒரே வீட்டுல இருந்திருக்கேன். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"உங்க குரல் எனக்குக் கேக்குதுங்க" என்றாள். "அதனாலதான் உங்களுக்குத் தெரியல."

நாத்தனார் திடீரென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சூப்பர்வைசரம்மாவிடம் திரும்பினாள். "திங்கக்கிழமையிலேருந்து என்னைப் பிரஸ்ல போடுங்க. இவ பேக்கிங்குக்குப் போகட்டும். இல்லேன்னா வேலையே வேணாம்."

உதட்டைப் படித்துவிட்டு, அவள் நாத்தனாரின் கையை இறுகப் பிடித்தாள். கண்ணீருக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. "வேணாம் அண்ணி. நம்ம வீட்டுல பாட்டுக் கேக்க ஒரு ஜோடிக் காதாவது மிச்சம் இருக்கட்டும்."

"ரெண்டு பேரையும் பேக்கிங்ல போடறேன்" என்றார் சூப்பர்வைசரம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எனக்கும் ஒரு மனசாட்சி இருக்கும்மா."

*

இத்தனைக்கும் நடுவில் சிட்டு சுவரோரமாக நின்றிருந்தாள். அழுகை நின்றுவிட்டது. பெரியவர்கள் சொன்னதை எல்லாம் கேட்டிருந்தாள். எதைப் புரிந்துகொண்டாள், எதைப் புரிந்துகொள்ளவில்லை என்று யாருக்கும் தெரியாது.

மெதுவாக வந்து அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றாள். கன்னத்தில் பூசியிருந்த மஞ்சள் சாயம் கண்ணீரில் கரைந்து தாடை வரை வந்திருந்தது. கிழிந்த சிறகு ஒரு பக்கமாகத் தொங்கியது.

"அம்மா, முழுப் பாட்டும் உங்களுக்காகப் பாடவா?"

உதடு தெளிவாகத் தெரிந்தது. அவள் தலையசைத்தாள்.

சிட்டு பாடினாள். நாத்தனார் அவளுக்குப் பின்னால் நகர்ந்து, காதோரம் வாயை வைத்து, தன் குரலை எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "கறுத்த வானே கொஞ்சம் கேளு... காஞ்ச கூட்டில் நாலு வாயி... ஒத்தத் துளி நீ போட்டாப் போதும்... ஊரு பூராப் பாட்டாப் பாடும்..." அழுகை வந்த இடத்தில் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி சொன்னாள்.

வார்த்தைகள் கிடைத்துவிட்டன. மகளின் முகம் கண்ணெதிரே இருந்தது. புருவம் எங்கே ஏறுகிறது, கழுத்து நரம்பு எங்கே புடைக்கிறது, மூச்சு எங்கே வாங்குகிறாள், எல்லாம் தெரிந்தது. குரல்தான் இல்லை. எவ்வளவு தேடியும் அது மட்டும் கிடைக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்று ஒரு குழந்தை பாடுகிறது. நடுவே யாரோ கண்ணாடிச் சுவரை எழுப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை உடைக்க இனி ஒரு வழியும் கிடையாது.

பாட்டு முடிந்தது. சிட்டு ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பக் கேட்டுச்சாம்மா?"

'ரொம்ப நல்லாருக்குடி கண்ணு' என்ற வார்த்தை நுனிநாக்கு வரை வந்துவிட்டது. எத்தனை நாள் பழக்கம்! அதை விழுங்கினாள்.

"இல்லடி தங்கம்" என்றாள். "கேக்கல... உன் குரல் அம்மாவுக்குக் கேக்கல."

சிட்டு யோசித்தாள். பிறகு, தனக்கு முடிந்த பெரிய உதவியை நீட்டுகிறவளைப் போல, "அப்ப நான் கத்திப் பாடவா?" என்றாள்.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். கணவன் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

"கத்தினாலும் கேக்காதுடி செல்லம். உனக்குத்தான் தொண்டை வலிக்கும்."

"பரவாயில்லம்மா" என்றாள் சிட்டு.

தாயின் மடியில் ஏறி, இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துப் பாட ஆரம்பித்தாள்.

அவள் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.